ஒரு டப்பாவின் ஐந்தொகை

"பவுடர் டப்பா 1. எடை 250 கிராம். 1,250 ரூபாய்."

கீழச்சிவல்பட்டியில் என் அத்தை எழுதும் வீட்டுக் கணக்கு நோட்டில், பால்காரர் பாக்கிக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவே இந்த வரி இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். முந்தைய மாதத்திலும் அதே வரி, அதற்கு முந்தைய மாதத்திலும் அதே வரி. சென்னையில் இருக்கும் மகள் தருவித்து அனுப்புகிறாள். மகள் காசுதான் என்றாலும் வீட்டுக்குள் வந்த சாமான் கணக்கில் ஏறியாக வேண்டும் என்பது அத்தையின் வழக்கம். அவர் மாமனார் பேரேடு எழுதியவர். அந்த வீட்டில் சீரும் மொய்யும் முறுக்குக்கு வாங்கிய எண்ணெயும் சிட்டையில் ஏறி, வருஷ முடிவில் ஐந்தொகைக்கு வந்தே தீரும்.

டப்பாவில் இருந்தது கொலாஜன் பொடி. தினம் காலையில் 10 கிராம், வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். தோல் சுருக்கம் குறையும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அத்தைக்கு வயது 62. மாமாவின் எழுபதாம் சாந்திக்கு எடுத்த படங்களைப் பார்த்த அன்றிலிருந்துதான் இது தொடங்கியிருக்கிறது. "வளவுல நிக்கிற படத்துல என் மொகம் எனக்கே அடையாளம் தெரியலை தம்பி" என்றார். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. நாற்பது வருஷம் மற்றவர்களுக்குச் சோறு வைத்த ஒருவரின் முகத்துக்காகச் செலவாகும் முதல் காசு இது. அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் நானும் ஒரு நோட்டை எடுத்தேன்.

முதலில் செலவு. 1,250 ரூபாயை 250-ஆல் வகுத்தால் கிராம் 5 ரூபாய். நாளைக்கு 10 கிராம், 50 ரூபாய். டப்பா 25 நாளில் தீரும். வருஷத்துக்கு 14 டப்பாவும் பதினைந்தாவதில் பாதிக்கு மேலும் ஆகும்: 3,650 கிராம், 18,250 ரூபாய். கடைக்குக் கடை விலை மாறும். உங்கள் டப்பாவின் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஒப்பிட ஒரு எண்: தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025–26-ல் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அத்தை வீட்டில் பாத்திரம் தேய்க்க வருபவரும் அந்த வேலைக்குப் போகிறவர்தான். அவர் 55 நாள் வெயிலில் மண் வெட்டினால் இந்தப் பொடி ஒருவருக்கு ஒரு வருஷம் வரும்.

அடுத்து எடை. இந்த இடத்தில்தான் கணக்கு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அத்தை 55 கிலோ. அந்த எடையுள்ள உடம்பில் புரதம் சுமார் 8 கிலோ இருக்கும். அந்தப் புரதத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, ரத்தக்குழாய் எல்லாம் சேர்த்து 2 கிலோவிலிருந்து 2.7 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அத்தை ஒரு வருஷத்தில் குடிக்கும் பொடியோ 3.65 கிலோ. குடித்ததெல்லாம் அப்படியே கொலாஜனாகப் போய் ஒட்டுமென்றால், ஒரே வருஷத்தில் அவர் உடம்பில் உள்ள மொத்தக் கொலாஜனைப் போல ஒன்றரை மடங்கு சேர்ந்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்பதை அறிய, கொலாஜன் எப்படிப்பட்ட பொருள் என்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் கதையின் பெரும்பகுதி நம் சென்னையில் நடந்தது.

1952-ல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. லண்டனிலிருந்து வந்திருந்த ஜே. டி. பெர்னல் என்ற அறிவியலாளர், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே, 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. பச்சைத்தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான். அதைப் பதப்படுத்துகிறவர்களிடம் அந்தப் பொருளுக்குப் பஞ்சமா? கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாண் அங்கே கிடைத்தது. அதன் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் நேச்சர் இதழில் ஒரு வடிவத்தை வெளியிட்டார்கள். 1955-ல் அதைத் திருத்தி மறுபடியும் எழுதினார்கள். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட கயிறு. அதன் நுணுக்கங்களில் மேல்நாட்டார் பிறகு சில மாற்றங்கள் சொன்னார்கள். ஆனாலும் முப்புரிக் கயிறு என்ற அடிப்படை சென்னையில் கண்டதுதான். தோல் பொடி டப்பா விற்கும் எந்த விளம்பரத்திலும் இந்தப் பெயர்களைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நம் பிள்ளைகளுக்காவது தெரியட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கயிற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. இழையில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற அமினோ அமிலமாக இருந்தாக வேண்டும். மூன்று இழைகளும் நெருங்கும் உட்புறத்தில் அதைவிடப் பெரியது எதற்கும் இடமில்லை. மீதியில் கணிசமான பங்கு புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும். முழுக் கயிற்றின் மூலக்கூற்று எடை ஏறக்குறைய 3,00,000. டப்பாவில் வரும் பொடி, மாட்டுத்தோலிலோ மீன் தோலிலோ உள்ள கொலாஜனை வேகவைத்து நொதியால் நறுக்கி, 2,000-த்திலிருந்து 5,000 வரை எடையுள்ள துண்டுகளாக்கியது. கிணற்றுக் கயிற்றை விரற்கடை நீளத்துக்கு வெட்டி ஒரு குடத்தில் போட்டது போல. ஆட்டுக்கால் சூப் ஆறினால் ஏன் கட்டியாகிறது? கொதியில் அவிழ்ந்த அதே கயிறுகள் குளிர்ந்ததும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. பொடியின் துண்டுகள் அதைவிடவும் சிறியவை. அதனால்தான் கட்டியாகாமல் தண்ணீரில் கரைகின்றன.

வயிற்றுக்குப் போன பின் துண்டுகள் இன்னும் உடைகின்றன. பெரும்பாலானவை தனித்தனி அமினோ அமிலமாகி, பருப்பிலிருந்தும் பாலிலிருந்தும் வந்தவற்றோடு கலந்துவிடுகின்றன. அத்தையின் உடம்பு ஒரு நாளைக்கு 200 கிராம் அளவுக்குப் புரதத்தை உடைத்துப் புதிதாகக் கட்டுகிறது. அந்த ஓட்டத்தில் இந்த 10 கிராமும் ஒரு வாய்க்கால். சில துண்டுகள் முழுதாக உடையாமலும் ரத்தத்துக்குப் போகின்றன. அதையும் கணக்கில் வைக்க வேண்டும். 2005-ல் ஜப்பானில் செய்த சோதனையில், இரண்டு அமினோ அமிலங்கள் மட்டும் கோத்த துண்டு ஒன்று, குடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டது. அந்தத் துண்டைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த எலித்தோல் உயிரணுக்களுக்குக் கொடுத்தபோது அவை சுறுசுறுப்பாகின. பொடிக்காரர்கள் சொல்லும் நியாயம் இதுதான்: "செங்கல்லாக இல்லாவிட்டாலும், கொத்தனாரைத் தட்டி எழுப்பும் குரலாக இருக்கிறது." இது பொய்யில்லை. ஆனால் கண்ணாடித் தட்டுக்கும் அத்தையின் கன்னத்துக்கும் நடுவே தூரம் அதிகம்.

இன்னொன்று. கொலாஜனுக்கே உரிய ஹைட்ராக்சிபுரோலினை நாம் சாப்பிட்டால், உடம்பு அதை அப்படியே எடுத்துப் புது இழையில் கோப்பதில்லை. இது 1949-லேயே தெரிந்த விஷயம். உடம்பு புரோலினைத்தான் கோக்கிறது. கோத்த பிறகு அந்த இடத்திலேயே அதை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்துக்கு வைட்டமின் சி வேண்டும். இல்லாவிட்டால் கயிறு முறுக்கேறாது. ஸ்கர்வி நோய் கண்டவருக்கு ஆறிய பழைய காயம்கூடத் திறந்துகொள்வது அதனால்தான்.

இனி இழப்பு. பெரியவர்களின் தோலில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் கொலாஜன் குறைகிறது என்பது 1970-களிலிருந்து சொல்லப்படும் அளவு. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் கணக்கு மாறிவிடுகிறது: முதல் ஐந்து வருஷத்தில் 30 சதவீதம் வரை, அதன் பிறகு வருஷத்துக்கு 2 சதவீதம். அத்தைக்கு 48-ல் நின்றது. அன்றைய இருப்பை 100 என்று எழுதினால் 53 வயதில் 70. அடுத்த ஒன்பது வருஷம் இரண்டிரண்டு சதவீதமாகக் கழித்தால் இன்று 58. இது அத்தையின் தோலை அளந்து போட்ட எண் அல்ல, சராசரியை வைத்துப் போட்டது. ஆனாலும் இதை அவரிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அப்ப நான் கவனிக்காம விட்டதுனால இல்லையா?" என்று கேட்டார். இல்லை அத்தை. நூற்றில் நாற்பத்திரண்டை உடம்பு தானாகவே கழித்துக்கொண்டது.

தோலில் இருக்கும் கொலாஜன் எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்பதும் தெரிய வேண்டும். அதன் பாதி இருப்பு புதிதாக மாற ஏறக்குறைய 15 வருஷம் ஆகும் என்று 2000-ல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வு கணக்கிட்டது. குருத்தெலும்பில் நூறு வருஷத்துக்கும் மேல். பொடிச் சோதனைகள் ஓடியதோ 8 வாரம், 12 வாரம். 15 வருஷப் பொருளின் மேல் 8 வாரத்தில் என்ன நடந்துவிடும்?

நடந்ததாகத்தான் ஏடுகள் சொல்கின்றன. 2014-ல் ஜெர்மனியில் 35 முதல் 55 வயது வரையுள்ள 69 பெண்களுக்கு 2.5 கிராமோ 5 கிராமோ பொடி கொடுத்து, 8 வாரத்தில் தோலின் இழுவைத்தன்மை கூடியதாக எழுதினார்கள். அதே ஆண்டு, அதே குழு, 45 முதல் 65 வரையுள்ள 114 பெண்களுக்கு 2.5 கிராம் கொடுத்ததில் கண்ணோரச் சுருக்கத்தின் அளவு வெற்றுப் பொடி குடித்தவர்களைவிட 20 சதவீதம் குறைந்தது. அளவைப் பாருங்கள்: 2.5 கிராம். அத்தை குடிப்பது அதைப் போல நான்கு மடங்கு. அந்தச் சோதனையின் அளவிலேயே குடித்திருந்தால் 8 வாரத்துக்கு 140 கிராம், 700 ரூபாய். டப்பாவின் கரண்டி 10 கிராம் என்று முடிவானதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பலன், டப்பா நான்கு மடங்கு வேகமாகத் தீர்வது.

பிறகு திரட்டிப் பார்த்தவர்கள் வந்தார்கள். 2021-ல் 19 சோதனைகள், 1,125 பேர். 2023-ல் 26 சோதனைகள், 1,721 பேர். இரண்டிலும் தோலின் ஈரமும் இழுவையும் கூடியதாகத்தான் முடிவு. நானும் அதைப் படித்துவிட்டு, சரி, அத்தை குடிக்கட்டும் என்று நோட்டை மூடப் போனேன். 2025-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த தென்கொரிய ஆய்வு மூட விடவில்லை. 23 சோதனைகள், 1,474 பேர். மொத்தமாகக் கூட்டினால் ஈரம், இழுவை, சுருக்கம் மூன்றிலும் பலன் தெரிந்தது. அதன் பிறகு அவர்கள் செய்த காரியம், நல்ல கணக்கப்பிள்ளை யாரும் செய்யும் காரியம். ஒவ்வொரு வரவுக்கும் எதிரே அது யார் கொடுத்த பணம் என்று எழுதிப் பிரித்தார்கள். மருந்து, பொடிக் கம்பெனிகளின் பணத்தில் நடந்த சோதனைகளில் பலன் இருந்தது. அந்தப் பணம் வாங்காத சோதனைகளில் மூன்றிலுமே பலன் இல்லை. தரம் உயர்ந்த சோதனைகளை மட்டும் தனியாக எடுத்தபோதும் பலன் இல்லை.

சரக்கை விற்கிறவரே நிறுத்துக் கொடுத்த எடையை நம் ஊரில் யாரும் அப்படியே பேரேட்டில் ஏற்ற மாட்டார்கள். தம் தராசில் ஒரு முறை வைத்துப் பார்ப்பார்கள். தம் தராசில் வைத்தபோது எடை காணாமல் போனால், அந்த வரியை என்ன செய்வது? நான் அடிக்கவில்லை. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2013-ல் இப்படியொரு பொடியின் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, குடிப்பதற்கும் தோலின் மாற்றத்துக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே எழுதியது.

இந்த இடத்தில் ஒரு நாள் கணக்கு நின்றுபோனது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்து எள் அளவு. மூலப்பொருள் என்ற இடத்தில் மாட்டின் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்தில் சதுரத்துக்குள் ஒரு பழுப்பு முக்கோணம். அசைவத்துக்கான அடையாளம் அது. அத்தை பதினோரு வருஷமாகக் கவுச்சி தொடுவதில்லை. தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் கூட்டத்தில் முழங்கால் வலியோடும் நடந்து போய்விட்டு வந்தவர், அந்த வருஷத்தோடு விட்டுவிட்டார். பேரனின் பிறந்தநாள் கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

சொல்வதா வேண்டாமா என்று அரை மணி நேரம் முகப்பில் உட்கார்ந்திருந்தேன். சொன்னேன். அத்தை டப்பாவை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த முக்கோணத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "பச்சைப் புள்ளி இல்லையே தம்பி. எண்ணெய் டின்னுல பாப்பேன், பிஸ்கட்டுல பாப்பேன். இதை மருந்துன்னு நெனச்சுட்டேன்" என்றார். மருந்து இல்லை அத்தை. மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்றும் அதிலேயே போட்டிருக்கிறது. மகளுக்கும் அது தெரியாது. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாத வருத்தம் அது, ஆனால் வருத்தம்தான். கொலாஜன் செடியில் கிடையாது என்ற ஒரு வரியைத் தமிழில், அந்தக் கரண்டி அளவைப் போட்டிருக்கும் அதே எழுத்தளவில் போட்டிருந்தால் போதும். சைவக் கொலாஜன் என்ற பெயரில் விற்பவற்றிலும் கொலாஜன் இருப்பதில்லை. பெரும்பாலும் வைட்டமின் சி, சில அமினோ அமிலங்கள், ஏதாவது செடியின் சாறு.

அன்றைக்கு டப்பா மூடப்பட்டது. கணக்கு மூடப்படவில்லை. அத்தைதான் மறுநாள் கேட்டார்: "சரி, அந்த அம்பது ரூவாய்க்கு வேற என்ன செய்யலாம்? அதைச் சொல்லு."

சாப்பாட்டிலிருந்து தொடங்கினோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்தபடி ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம். அத்தைக்கு நாளொன்றுக்கு 46 கிராம். அவர் நிஜமாகச் சாப்பிடுவதை ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தோம். அரிசி 150 கிராம், அதில் புரதம் 12. துவரம்பருப்பு 25 கிராம், அதில் 5.4. பால் 200 மில்லி, 6.4. இட்லியோடு போகும் உளுந்து 20 கிராம், 4.6. காய், மோர் எல்லாம் சேர்த்து 3. கூட்டினால் 31 சொச்சம். நாளைக்கு 15 கிராம் குறைகிறது. வருஷத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் பற்றாக்குறை! மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பெண்களின் தட்டை நிறுத்துப் பார்த்தால் எத்தனை வீட்டில் இதே எண் வரும் என்று எனக்கு அச்சமாக இருக்கிறது.

பொடியின் 10 கிராம் இந்தப் பள்ளத்தை அடைத்திருக்காதா என்று கேட்கலாம். முழுதாக அடைக்காது. உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றில் ஒன்றான டிரிப்டோபன் கொலாஜனில் துளியும் இல்லை. புரதத் தரத்துக்குப் போடும் மதிப்பெண்ணில் பால் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்குகிறது. கொலாஜனை மட்டும் தனியாக வைத்தால் அதன் மதிப்பெண் பூஜ்யம். கிராம் 5 ரூபாய்க்கு வாங்கும் புரதம், மலிவான பருப்போடு சேர்ந்தால்தான் முழுமை பெறுகிறது.

கறுப்புக் கொண்டைக்கடலை 40 கிராம்: புரதம் 7.5, விலை 4 ரூபாய். நிலக்கடலை 20 கிராம்: 4.7, விலை 3 ரூபாய் 40 காசு. கூடுதலாக அரை டம்ளர் பால், 100 மில்லி: 3.2, விலை 5 ரூபாய். மொத்தம் 15.4 கிராம், 12 ரூபாய் 40 காசு. இதோடு ஒரு பெரிய நெல்லிக்காய், 3 ரூபாய். நெல்லிக்காயில் 100 கிராமுக்கு 250 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை. பெண்களுக்கு நாளைக்கு வேண்டியது 65. ஒரு காயே போதும், மிஞ்சும். பச்சையாகக் கடித்தால்தான் முழுதாகக் கிடைக்கும். தேனில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தால் கணிசமாகக் குறைந்துவிடும். எல்லாம் சேர்த்து நாளைக்கு 15 ரூபாய் 40 காசு. 16 ரூபாய் என்றே வைத்தாலும் வருஷத்துக்கு 5,840.

இதனால் சுருக்கம் போய்விடும் என்று நான் அத்தையிடம் சொல்லவில்லை. புரதம் பற்றாதபோது உடம்பு முகத்துக்கென்று தனியாக ஒதுக்கி வைக்காது என்று மட்டும் சொன்னேன்.

பெரிய செலவு, யாரும் எழுதாத செலவு, வெயில். தோல் சிவக்காத அளவு வெயில் பட்டாலே சில மணி நேரத்தில் கொலாஜனை வெட்டும் நொதிகள் எழும்புகின்றன என்று 1996-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேரி ஃபிஷரும் மற்றவர்களும் காட்டினார்கள். நம் பக்கத்தில் கோடை நடுப்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 3-லிருந்தே பாதுகாப்பு வேண்டும் என்கிறது; 11 என்பது அதன் அட்டவணையின் கடைசிப் படி. நம் கறுப்பு நிறம் ஒரு குடைதான். 1979-ல் ஃபிலடெல்ஃபியாவில் அளந்தபோது வெள்ளையரின் மேல்தோல் 3.4 மடங்கும் கறுப்பினத்தவரின் மேல்தோல் 13.4 மடங்கும் வெயிலைத் தடுத்தன. நாம் நடுவில் எங்கோ இருக்கிறோம். அதனால்தான் நமக்குச் சுருக்கம் தாமதமாகவும் கருந்திட்டு முந்தியும் வருகிறது.

அத்தை வெளியே போவதே அபூர்வம் என்று மகள் போனில் சொன்னாள். ஆனால் செட்டிநாட்டு வீட்டுக்கு வெயில் உள்ளேயே வரும். வளவு என்ற நடுமுற்றம் திறந்த வானம். வற்றல், வடகம், மோர்மிளகாய், சீரகம், மல்லி, எல்லாம் பத்து மணிக்கு மேல் இரண்டு மணிக்குள் அங்கேதான் காயும். காக்கை வராமல் பார்த்துக்கொள்ளத் தூணோரம் உட்காருவது அத்தை. மாசி முதல் ஆனி வரை நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால்கூட வருஷத்துக்கு 300 மணி நேரம். நாற்பது வருஷத்துக்கு 12,000 மணி நேரம். அந்த எண்ணை எழுதிவிட்டு நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வெயிலை மறைத்தால் பலன் உண்டு என்பதற்குப் பொடியைவிட உறுதியான சோதனை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை நடந்தது. 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் புறங்கைத் தோலை அச்செடுத்துப் பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னவர்களுக்கு, விருப்பம்போல் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாகத் தோல் முதுமை. நாலரை வருஷத்தில் கூடியதாகவே தெரியவில்லை. அதே சோதனையில் பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளே விழுங்கிய அதற்குப் பலன் இல்லை. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் நொதி எழும் வழி எல்லா நிறத்துக்கும் ஒன்று.

முகத்துக்கும் கழுத்துக்கும் நாளைக்கு ஒரு கிராம் சன்ஸ்கிரீன் என்று வைத்துக்கொள்வோம். 50 கிராம் குழாய் 400 ரூபாய் என்றால் நாளைக்கு 8 ரூபாய், வருஷத்துக்கு 2,920. ஒரு நல்ல கறுப்புக் குடை 400. இதைக் கடலை, பால், நெல்லிக்காயோடு கூட்டினால் 9,160 ரூபாய். பொடிக்கு ஆகும் 18,250-ல் சரிபாதி. மீதி 9,090 ரூபாய் கையிலேயே இருக்கும். வடகம் பிழிந்ததும் காக்கைக்கு வலை கட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டால் சன்ஸ்கிரீன் செலவும் குறையும்.

மருந்து என்று கேட்டால், தோலில் கொலாஜன் உண்டாவதைக் கூட்டியதாக நேரடியாகத் தோல்துண்டு எடுத்துக் காட்டப்பட்டது டிரெட்டினாய்ன் என்ற பூச்சு. 1993-ல் மிச்சிகனிலேயே, 10 முதல் 12 மாதம் பூசியவர்களுக்குக் கொலாஜன் உற்பத்தி 80 சதவீதம் கூடியது. வெறும் களிம்பு பூசியவர்களுக்கு 14 சதவீதம் குறைந்தது. எரியும், தோல் உரியும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். அத்தை வேண்டாம் என்றார். அந்த வரியை நானும் விரித்து எழுதவில்லை.

சர்க்கரையைப் பற்றி ஒரு வரி எழுதாமல் இருக்க முடியாது. ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை கொலாஜன் கயிறுகளில் ஒட்டி அவற்றை விறைக்க வைக்கிறது. 2023-ல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. மாமாவும் அதில் ஒருவர். உக்காரை கிண்டும் நாளில் அவர் தட்டைப் பார்த்துக்கொள்வது அத்தையின் இன்னொரு கணக்கு.

நான் ஊருக்குக் கிளம்பும் அன்று நோட்டு திண்ணையில் திறந்து கிடந்தது. பவுடர் என்ற வரிக்கு எதிரே "நிறுத்தம். மிச்சம் 140 கிராம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதன் கீழே புது மையில்:

கொண்டைக்கடலை 1 கிலோ, 100.
நிலக்கடலை 1 கிலோ, 170.
நெல்லிக்காய் அரைக் கிலோ, 40.
குடை 2.

குடைக்கு நேரே விலை எழுதவில்லை. திருப்பத்தூர் போகும்போது வாங்கி எழுத வேண்டும் என்றார். இரண்டு எதற்கு என்று கேட்டேன். பாத்திரம் தேய்க்க வருபவர் மதியம் ஒரு மணிக்கு நடந்துதான் வீட்டுக்குப் போகிறார் என்றார் அத்தை.